உப்புக்காற்று ஊருக்குச் சாம்பல் சிமெண்ட்: ஓர் எளிய விளக்கம்

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் கட்டி இருபது வருஷம்கூட ஆகாத வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் இது கண்ணில் படும். தளத்தின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு விரிசல். அதையொட்டிப் பழுப்புக் கறை. இன்னும் கொஞ்ச நாள் போனால் உள்ளங்கை அகலத்துக்குக் காங்கிரீட் பொரிந்து விழும், உள்ளே துருவேறிய கம்பி தெரியும். வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டுவார், கொத்தனார் மணலைத் திட்டுவார். "கடலோர ஊருன்னா அப்படித்தாங்க" என்று கடைசியில் இருவரும் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

அப்படித்தான் ஆக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இந்தச் சேதத்தை நெடுங்காலம் தள்ளிப்போடக்கூடிய பொருள்கள் நமக்குப் பக்கத்திலேயே மலையாகக் குவிகின்றன. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒன்று, இரும்பாலையின் கசடு இன்னொன்று. இரண்டுமே ஆலைக் கழிவுகள். சிமெண்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றைப் போட்டால் செலவு குறையும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். காங்கிரீட் கூடுதலாக உழைக்கும் என்று சொன்னால்தான் முகம் சுருங்கும். கழிவைக் கலந்தால் அது கலப்படம்தானே என்ற சந்தேகம் நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லச் சிமெண்டின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

சிமெண்ட் இறுகும்போது

கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் படிந்தது அது. சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடைப்பதால் புதைபடிவம் தேடுபவர்களுக்கும் பிடித்த ஊர். இந்தச் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிளிங்கர் என்னும் கரிய உருண்டைகள் கிடைக்கும். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அதை மாவாக அரைத்தால் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட். கடைப் பேச்சில் ஓ.பி.சி.

கிளிங்கரில் பெரும்பங்கு கால்சியம் சிலிக்கேட்டுகள். தண்ணீர் பட்டதும் இவற்றிலிருந்து இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. முதலாவது கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். மணலையும் ஜல்லியையும் இறுக்கிப் பிடிக்கும் பசை இதுதான், காங்கிரீட்டின் பலம் பெரும்பாலும் இதனுடையது. இரண்டாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, நமக்குத் தெரிந்த நீர்த்த சுண்ணாம்பு. நெல்லை அரைத்தால் அரிசியோடு உமியும் வந்தே தீருவதுபோல, பசை வேண்டுமென்றால் இந்தச் சுண்ணாம்பும் கூடவே வரும். இறுகிய சிமெண்டின் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை அது இருக்கும்.

பலத்துக்கு இந்தச் சுண்ணாம்பால் பெரிய உதவி இல்லை. தகடு தகடான படிகங்களாக, முக்கியமாக ஜல்லியின் விளிம்பையொட்டிச் சேர்ந்து நிற்கும். தண்ணீரில் மெதுவாகக் கரையவும் செய்யும். ஒழுகுகிற மாடித் தளத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரைந்து வெளியே வந்த இந்தச் சுண்ணாம்புதான் காற்றில் உலர்ந்து அப்படி ஒட்டிக்கொள்கிறது. அது கரைந்துபோன இடமெல்லாம் காங்கிரீட்டுக்குள் துளை. சுண்ணாம்பு செய்யும் நல்ல காரியமும் ஒன்று உண்டு, கம்பியைச் சுற்றிக் காரத்தன்மையைத் தக்கவைத்துத் துருவைத் தடுக்கிறது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சாம்பல் என்ன செய்கிறது

காவிரித் தண்ணீருக்காக ஆண்டுதோறும் ஜூன் 12 நெருங்கும்போது நாம் எல்லோரும் பார்ப்பது மேட்டூரை. அதே மேட்டூரில் அணைக்கு அருகே அனல்மின் நிலையமும் இருக்கிறது. நிலக்கரியை மாவாக அரைத்து உலைக்குள் ஊதி எரிக்கிறார்கள். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், 30 முதல் 45 சதவீதம் வரைகூடப் போகும். நிலக்கரியோடு கலந்திருந்த களிமண் துகள்கள் அந்த வெப்பத்தில் உருகிச் சொட்டுகளாகி, புகையோடு மேலேறும்போது சட்டென்று குளிர்ந்து நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகின்றன. புகைபோக்கிக்குப் போகுமுன் மின்புலத்தால் அவற்றை இழுத்துப் பிடிக்கிறார்கள். ஃப்ளை ஆஷ் என்பது இதுதான். உலையின் அடியில் விழும் கரடுமுரடான சாம்பலும், குளத்தில் கரைத்துக் கொட்டிய சாம்பலும் வேறு. அவை சிமெண்டுக்கு ஆகாது.

இந்தக் "கண்ணாடி" என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆற்று மணலும் சிலிக்காதான், ஆனால் அதன் அணுக்கள் படிகமாக வரிசைகட்டி நிற்கின்றன, சுண்ணாம்பு பக்கத்தில் வந்தாலும் அசையாது. உருகிச் சட்டென்று குளிர்ந்த சாம்பலின் சிலிக்காவுக்கு வரிசைகட்ட நேரம் கிடைக்கவில்லை. ஒழுங்கில்லாமல் உறைந்துபோன அந்தச் சிலிக்கா, ஈரம் இருக்கும்வரை சுண்ணாம்போடு வினைபுரிந்துகொண்டே இருக்கும். வினையின் விளைவு மறுபடியும் அதே கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். அதாவது, சிமெண்ட் ஒதுக்கித் தள்ளிய சுண்ணாம்பைச் சாம்பல் பசையாக மாற்றுகிறது. கரையக்கூடிய பொருள் குறைகிறது, பசை கூடுகிறது, புதிய பசை பழைய துளைகளுக்குள் வளர்ந்து அவற்றை அடைக்கிறது. சாம்பலைக் கலப்படம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இந்த வினைதான். செங்கல் தூளை மிளகாய்த் தூளில் சேர்ப்பவன் அங்கே எந்த வேலையும் செய்யாத ஒன்றைச் சேர்க்கிறான். இங்கே சேர்க்கும் பொருள் வேலை செய்கிறது.

செங்கல் தூள் என்றதும் இன்னொன்று. தஞ்சை, கும்பகோணம் அக்கிரகாரங்களிலும் பழைய மச்சு வீடுகளிலும் சுண்ணாம்புச் சாந்தோடு சுட்ட செங்கலின் தூளைச் சேர்த்தது இதே காரணத்துக்காகத்தான். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்பும் வினைபுரியும். சுர்க்கி என்ற பெயரில் அது பெரிய வேலைகளுக்கும் போனது, 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு-சுர்க்கிக் கட்டுமானம். இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்து ரோமானியர்கள் கடலுக்குள்ளேயே துறைமுகச் சுவர் எழுப்பினார்கள். நிலக்கரிச் சாம்பலைப் பெரிய அளவில் முதலில் நம்பியது அமெரிக்காவின் மொன்டானாவில் 1953-இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணை. ஆக, மேஸ்திரிக்குப் புதிதாகத் தெரிகிற சங்கதி கட்டடக் கலைக்குப் புதிதில்லை.

நெய்வேலிச் சாம்பலைப் பற்றி ஒரு வரி. அங்கே எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்பின் பங்கு கூடுதல், எனவே கொஞ்சம் தானாகவும் இறுகும். இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 3812 இந்த இரண்டு வகையையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது.

கசடு

இரும்புத் தாதுவைச் சுண்ணாம்புக்கல்லோடு ஊதுலையில் உருக்கும்போது, கனமான இரும்பு அடியில் தங்கும், மற்றவை உருகிய கசடாக மேலே மிதக்கும். அதை அப்படியே ஆறவிட்டால் வெறும் கல், சாலைக்கு ஜல்லியாகப் போடலாம். கசடு உருகிக் கொதிக்கும்போதே அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் மணல்மணலாகச் சிதறிக் கண்ணாடியாக உறையும். அதை மாவாக அரைத்தால் கிடைப்பதை ஜி.ஜி.பி.எஸ். என்பார்கள், வேலையிடத்தில் ஸ்லாக் என்றால் போதும். சாம்பலைவிட இதில் கால்சியம் அதிகம். எனவே சுண்ணாம்புக்காக முழுக்கக் காத்திருக்காமல், சிமெண்டின் காரம் தூண்டிவிட்டால் தானே இறுகும். அதனால்தான் சிமெண்டில் சாம்பலுக்கு 35 சதவீதம் உச்சவரம்பு என்றால், ஸ்லாக் 70 சதவீதம் வரை போகலாம்.

ஸ்லாக் காங்கிரீட் வெளிறிய நிறத்தில் இருக்கும். புதிதாக உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலமும் பச்சையுமாக ஒரு சாயல் தெரியும், காற்றுப் பட்டதும் சில நாளில் போய்விடும். இதைப் பார்த்து மட்டமான சரக்கு என்று லாரியைத் திருப்பி அனுப்பத் துணிபவர்களும் உண்டு. அது கசடில் உள்ள கந்தகச் சேர்மங்களின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை.

உப்பு எப்படி உள்ளே போகிறது

நல்ல காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. அதன் காரத்தன்மையில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகி நிற்கும். அந்தப் படலத்தை உடைக்கத் தெரிந்தது குளோரைடு, அதாவது உப்பு. அது பல வழியாக வரும். கடற்காற்றில் மிதந்து வந்து சுவரில் படியும். இறால் குட்டைகளும் கடல்நீர் ஊடுருவலும் சேர்ந்து உவர்ப்பாக்கிய நிலத்தடி நீர் அஸ்திவாரம் வழியே ஏறும். கலவைக்கே உவர்த் தண்ணீரை ஊற்றினால், உப்பை நாமே அளந்து போட்ட மாதிரி.

காங்கிரீட் கல்லைப்போலத் தெரிந்தாலும் உள்ளே மயிரிழையைவிட நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருக்கின்றன. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் உப்பு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். கம்பியை எட்டி, ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் படலம் உடையும். துரு அசல் இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் காங்கிரீட்டைத் தள்ளும், விரிசல் விடும், விரிசல் வழியே உப்பும் காற்றும் இன்னும் சுலபமாக நுழையும். ஆரம்பத்தில் வருஷக் கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு மளமளவென்று பொரிந்து கொட்டுவது இதனால்தான்.

இந்தப் பயணத்தைச் சாம்பலும் ஸ்லாக்கும் இரண்டு இடத்தில் மறிக்கின்றன. துளைகள் சுருங்கி அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு அறுவதால் உப்பு நகரும் வேகம் பல மடங்கு குறைகிறது. இரண்டிலும் அலுமினா இருப்பதால், உள்ளே வந்த குளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்துக் கட்டிப்போட்டும் விடுகின்றன. கட்டுண்ட குளோரைடால் கம்பியைத் தொட முடியாது. கடலோரத்துக்கு ஸ்லாக்கை முதலில் சொல்வது இதற்காக.

கடல்நீரிலும் உவர் நிலத்தடி நீரிலும் சல்பேட்டும் உண்டு. அது காங்கிரீட்டின் சுண்ணாம்போடும் சிமெண்டின் அலுமினேட்டோடும் சேர்ந்து உப்பிப் பெருகும் படிகங்களை உண்டாக்கி உள்ளிருந்தே உடைக்கும். சுண்ணாம்பு குறைவாக இருந்தால் இதற்கும் தீனி குறைவு. சல்பேட் என்றதும் எஸ்.ஆர்.சி. என்னும் சல்பேட் தாங்கு சிமெண்டை எழுதித் தருபவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். வெறும் சல்பேட் மட்டுமே உள்ள மண்ணுக்கு அது சரி. சல்பேட்டோடு குளோரைடும் இருக்கிற கடலோரத்தில் அது பொருத்தமான தேர்வில்லை, ஏனென்றால் குளோரைடைப் பிடித்துவைக்கும் அலுமினேட்டை அந்தச் சிமெண்டில் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் காங்கிரீட்டுக்கான அடிப்படை விதிநூலான ஐ.எஸ். 456, பாதிக்கு மேல் ஸ்லாக் உள்ள சிமெண்டை ஒரு வழியாகச் சொல்கிறது. என் கணிப்பில், நாகை மாவட்டத்தில் அஸ்திவாரம் போடுகிறவர்கள் படித்து வைத்திருக்க வேண்டிய ஒரே குறிப்பு இதுதான்.

விலையாகக் கேட்பது நாளும் தண்ணீரும்

"அது சாம்ப சிமெண்டுங்க தம்பி, சட்டுனு ஏறாது" என்று கொத்தனார் சொன்னால், அவர் சொல்வதில் பாதி உண்மை. சாம்பலின் வினை, சிமெண்ட் முதலில் சுண்ணாம்பை உண்டாக்கிய பிறகுதான் தொடங்கும், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் நீளும். எண்களிலேயே பார்க்கலாம். 53 கிரேடு ஓ.பி.சி.க்குத் தர அமைவனம் கேட்கும் குறைந்தபட்ச பலம் 3 நாளில் 27, 7 நாளில் 37, 28 நாளில் 53 மெகாபாஸ்கல். சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 16, 22, 33. இவை கீழ்வரம்புதான், கடைக்கு வருபவை பெரும்பாலும் அதைத் தாண்டியே இருக்கும். ஆனாலும் முதல் வாரத்தில் பின்தங்குவது நிஜம். 28 நாளோடு ஓ.பி.சி. கிட்டத்தட்ட ஓய்ந்துவிடும், பி.பி.சி. மூன்று மாதம் கழித்தும் ஏறிக்கொண்டிருக்கும்.

இதிலிருந்து இரண்டு கடமைகள் வருகின்றன. சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று சொல்லும் கணக்கு ஓ.பி.சி.க்கானது, கலப்புச் சிமெண்டென்றால் பொறியாளர் அதை நீட்டித் தர வேண்டும். சென்ட்ரிங்காரர் அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று வந்து நிற்பார். நிற்கட்டும்.

அடுத்தது தண்ணீர் விடுவது. ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் என்பது ஐ.எஸ். 456-இன் பேச்சு. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டைவிடுவது பில்லரில். நின்ற வாக்கில் இருப்பதால் காலையில் ஒரு வாளி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், பத்து மணிக்குள் காய்ந்துவிடும். சாக்கையோ வைக்கோல் பிரியையோ சுற்றி நாள் முழுக்க ஈரமாக வைக்க வேண்டும். ஈரம் போனால் சாம்பலின் வினை நின்றுவிடும். வினைபுரியாத சாம்பல் வெறும் தூசி, அப்போது அது கலப்படத்துக்குச் சமம்தான். சாம்பல் சிமெண்டைப் பற்றிய கெட்ட பெயரில் பெரும்பகுதி, மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்திய வீடுகளிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல், எந்தத் தண்ணீர்? கம்பி போட்ட காங்கிரீட்டின் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வாயில் வைத்தால் கரிக்கிற போர் தண்ணீர் இதைத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு. கலவைக்கும் முதல் நாள்களின் ஈரத்துக்கும் நல்ல தண்ணீர் டேங்கர் வாங்குவது செலவுதான். ஆனால் உப்பைத் தடுக்கிற சிமெண்டை வாங்கி, அதில் உப்புத் தண்ணீரை ஊற்றுவதில் பொருளே இல்லை.

தண்ணீரின் அளவும் முக்கியம். சாம்பல் துகள்கள் உருண்டையாக இருப்பதால் கலவை இளக்கமாகவே ஓடும், அதை வைத்துத் தண்ணீரைக் குறைக்கலாம். ஒரு மூட்டைக்கு 22 லிட்டர் சொச்சம் ஊற்றினால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. கடலோரத்துக்கான வரம்பு அதுதான், ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரையும் அதில் கழிக்க வேண்டும். "கொஞ்சம் லூசா இருந்தாத்தான் கம்பிக்குள்ள இறங்கும்" என்று கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு குவளையும் பிறகு ஆவியாகித் துளையாக மாறும். இறங்கவில்லையென்றால் வைப்ரேட்டர் போடுங்கள்.

காரத்தன்மையைப் பற்றி மேலே விட்டுவைத்தது இதோ. சுண்ணாம்பைச் சாம்பல் தின்றுவிட்டால், காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தை அழிக்கும்போது ஈடுகொடுக்கும் கையிருப்பு குறையும். அடர்த்தியாக, நன்றாகத் தண்ணீர் விட்டு வளர்த்த காங்கிரீட்டில் வாயு நுழைவதே மெதுவாக நடப்பதால் இது பெரிய தொல்லையாவதில்லை. பஞ்சாகப் போன காங்கிரீட்டில் ஓ.பி.சி.யைவிட மோசமாகும். ஆகவே சாம்பலும் ஸ்லாக்கும் மோசமான வேலையைக் காப்பாற்றும் மருந்தாக மாட்டா.

நம்மூர் உமிச் சாம்பல் ஆகாதா?

ஆகும், ஆனால் ஆலை வாசலில் குவிந்திருக்கும் சாம்பல் ஆகாது. ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி, அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைத்தது அது. கணக்குப்படி பார்த்தால் மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் மேட்டூர்ச் சாம்பலே வேண்டாம் என்று தோன்றும்.

எரிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சுமார் 700 டிகிரிக்குள் அடக்கி, நிதானமாக எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற நிலையிலேயே நிற்கும், மிகவும் வீரியமாக வினைபுரியும். வெப்பம் கூடினால் படிகமாகி மணலின் குணத்துக்குப் போய்விடும். புழுங்கலுக்கு நெல் அவிக்கும் பாய்லர்களில் ஓரிடத்தில் சூடு அதிகம், ஓரிடத்தில் கரி மிச்சம். அதனால் அந்தச் சாம்பல் கறுத்து, ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எரியாத கரி தண்ணீரைக் குடிக்கும். துகள்களும் கடற்பஞ்சு மாதிரித் துளைத்துளையாக இருப்பதால், அரைக்காமல் போட்டால் கலவை இறுகிப்போய் இன்னும் தண்ணீர் கேட்கும். பக்குவமாக எரித்து நைசாக அரைத்த உமிச் சாம்பலை, பொறுப்பான அதிகாரியின் ஒப்புதலோடு பயன்படுத்த ஐ.எஸ். 456 இடம் தருகிறது. ரைஸ் மில்லிலிருந்து டிராக்டரில் அள்ளிவந்து கலவையில் கொட்டுவதற்கு அது அனுமதியாகாது. சாலையோரம் கொட்டி, சைக்கிளில் போகிறவர் கண்ணில் விழும் இந்தப் பொருளுக்கு டெல்டாவில் ஒரு நல்ல சூளையும் அரைவை ஆலையும் வந்தால் கதையே மாறும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எதை வாங்குவது

மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ். 1489 என்றிருந்தால் பி.பி.சி., சாம்பல் 15 முதல் 35 சதவீதம், எத்தனை சதவீதம் என்பதும் மூட்டையிலேயே இருக்கும். ஐ.எஸ். 455 என்றால் ஸ்லாக் சிமெண்ட், 25 முதல் 70. ஐ.எஸ். 16415 என்றால் இரண்டும் சேர்ந்த காம்போசிட். தயாரித்த வாரமும் ஆண்டும் கூடப் பாருங்கள், ஐப்பசி மழையில் குடோனில் கிடந்த மூட்டை எந்த வகையானாலும் வேண்டாம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் வீட்டுக்கு பி.பி.சி. தாராளமாகப் போதும், பூச்சு வேலைக்கும் அதுவே நல்லது. கடலோரத்தில் ஐ.எஸ். 456 கேட்பது எம்30 காங்கிரீட், அதாவது 28 நாளில் 30 மெகாபாஸ்கல் பலம். கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டின் கனம். நம் ஊர் வழக்கமோ பெட்டி கணக்கில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3, அதாவது எம்20. பெட்டியில் அளந்து போடும் கலவைக்கு எம்20-தான் எல்லை, அதற்கு மேல் கலவை வடிவமைப்பு செய்தாக வேண்டும். சிறிய வீட்டுக்கு இதெல்லாம் எங்கே என்று கேட்பது புரிகிறது. அஸ்திவாரத்துக்கும் பில்லருக்கும் மட்டுமாவது ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் எடுங்கள். பாதிக்கு மேல் ஸ்லாக் போட்டு எம்30 கேட்டால் தருவார்கள், கலவை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கவருக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுப்பதை நிறுத்தினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஓ.பி.சி. மூட்டையும் சாம்பல் மூட்டையும் தனித்தனியாக வாங்கி வீட்டு வாசலில் மண்வெட்டியால் கலக்கும் யோசனை வேண்டாம், சீராகக் கலக்காது. பி.பி.சி.யில் மேலும் சாம்பல் சேர்ப்பதும் அப்படித்தான். ஃப்ளை ஆஷ் செங்கல் வேறு சங்கதி, சுவருக்கு அது சரி, கம்பியும் உப்பும் அங்கே பிரச்சினையில்லை.

காற்றுக்கு மிச்சம்

1000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் ஏறத்தாழ 12 கன மீட்டர், எம்20 கணக்கில் 90 மூட்டைக்கு மேல் சிமெண்ட். 30 சதவீதச் சாம்பல் உள்ள பி.பி.சி. என்றால் மூட்டைக்கு 15 கிலோ, மொத்தம் 1350 கிலோ சாம்பல் அந்தத் தளத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு டன் கிளிங்கர் சுடும்போது முக்கால் டன்னுக்கும் அதிகமாகக் கரியமில வாயு வெளியேறும். அதில் பெரும்பங்கு எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சிதைவதிலிருந்தே வருகிறது. ஆகவே எந்த எரிபொருளுக்கு மாறினாலும் அது போகாது. கிளிங்கரைக் குறைப்பதுதான் நேர்வழி, ஒரு தளத்திலேயே ஒரு டன் வாயு மிச்சமாகும்.

நிலக்கரியை எரிப்பது ஒருநாள் குறையும், அப்போது சாம்பலும் குறையும். அதற்கு மாற்றாகச் சென்னை ஐ.ஐ.டி.யும், டில்லி ஐ.ஐ.டி.யும், சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து வளர்த்தது எல்.சி.3. பாதி மட்டும் கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல், மிச்சம் ஜிப்சம். சுர்க்கியின் பேரன் என்று சொல்லலாம். 2023-இல் ஐ.எஸ். 18189 என்ற தரநிர்ணயமும் வந்துவிட்டது. களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் போதும், அதில் கயோலின் என்னும் வெண்களித் தாது 40 சதவீதமாவது இருக்க வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற நம் வயல் களி அந்த வகை இல்லை. வடக்கே கடலூர் மாவட்டத்தில் கிடைக்கும் வெண்களிமண்தான் அதற்கான சரக்கு.